இரண்டு வெற்றிலை தூரம்

உலு செலாசே தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் சின்னக் கிராணியாக இருந்த பக்கிரிசாமி, அந்தத் தோட்டத்தை ஒரு தடவைகூட முழுதாகச் சுற்றிப் பார்த்ததில்லை. இதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். கிராணி என்றால் குமாஸ்தா, குமாஸ்தா என்றால் ஆபீஸ். காட்டுக்குள் நடப்பதற்குக் கங்காணி இருக்கிறார், மழையில் நனைவதற்கென்றே நானூறு பேர் இருக்கிறார்கள். அவருடைய அப்பா அந்த நானூறு பேரில் ஒருவராக முப்பது வருடம் புல் வெட்டி, மகனை மூன்றாம் படிவம் வரை படிக்க வைத்ததே இவன் காலில் சேறு படக் கூடாது என்பதற்காகத்தான். மகன் அப்பா சொல்லைத் தட்டவில்லை. 1972இல் வேலைக்குச் சேர்ந்த அன்று போட்ட கறுப்புச் சப்பாத்து, குதிகால்கூடத் தேயாமல் 1986 வரை உழைத்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் அந்தத் தோட்டத்துக்கு வழி சொல்லும் வரைபடத்தைச் செய்தார். நடந்தே பார்க்காத இடத்துக்கு எப்படி வழி சொல்ல முடியும் என்று கேட்பவர்கள் ஆபீஸ் வேலை பார்த்திராதவர்கள்.

கேமரன் மலையில் பிரிஞ்சாங் டவுனையும் கியா பார்ம் காய்கறிக் கடைகளையும் தாண்டி, கோலா தெர்லா போகிற ரோட்டில் வலப்பக்கம் ஏறினால் தோட்டம் வரும். அதில் இரண்டு டிவிசன்கள். ஃபேக்டரியும் ஆபீசும் இருப்பது கீழே, ஆத்து டிவிசனில். மேட்டு டிவிசன் அதற்குப் பின்னால், மலையின் தோளில். அங்கே முப்பத்தொரு குடும்பம். அங்கிருந்து கொழுந்து ஏற்றி வரும் லோரி, மலையைச் சுற்றிச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர் இறங்கும். நடந்து வருவதென்றால் நேராகப் பள்ளத்தில் விழுகிற மாதிரி ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு.

பக்கிரிசாமியின் மாமியார், அவர் மனைவி வேலாயியைப் பெற்ற அம்மாக்கண்ணு, மேட்டு டிவிசனில் கொழுந்து பறிப்பவர். மருமகன் அங்கே இரண்டே தடவை போயிருக்கிறார். ஒன்று, பெண் பார்க்க. இன்னொன்று, மாமனார் செத்தபோது. இரண்டு தடவையும் லோரியின் முன் சீட்டில்.

வரைபடம் எதற்கு வந்தது என்றால், டெலிபோன் தொல்லையால் வந்தது. ஆபீசுக்கும் மேட்டு டிவிசனில் கொழுந்தை எடை போடும் நிறுவை ஷெட்டுக்கும் இடையே ஒரு போன் கம்பி ஓடியது. வெயில் காலத்தில் அது நன்றாகப் பேசும். வெயில் காலத்தில் யாருக்கும் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. மழை பெய்து, மண் சரிந்து, லோரி எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று கேட்க வேண்டிய அன்று மட்டும் அது செத்துக் கிடக்கும். ஆகவே போன் இல்லாமல் வழி சொல்லும் ஏதாவது ஒன்று வேண்டும் என்பது பக்கிரிசாமியின் பல வருட எண்ணம்.

வரைபடம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கத்தான் செய்தது. மேனேஜர் துரையின் அறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள். 1938இல் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அழகாக வரைந்தது. டென்னிஸ் களம் இருந்தது, மேனேஜர் பங்களா இருந்தது, பங்களா நாயைப் புதைத்த இடம்கூடச் சிலுவை போட்டு இருந்தது. ஆட்கள் குடியிருக்கிற லயங்கள் மட்டும் இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக அதைத் துடைத்தார்கள், யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

1985இல் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் அதை மூன்று பெட்டிகளில் அனுப்பி, கூடவே ஒரு கட்டளையும் அனுப்பியது: இந்த இயந்திரம் குளிர்சாதன அறையில்தான் இருக்க வேண்டும். கேமரன் மலையில் அன்று காலை பதினாறு டிகிரி. கட்டளை கட்டளைதான் என்று தாப்பா டவுனிலிருந்து ஆள் வந்து ஏர்கான் மாட்டினான். சுற்றி வேலை செய்பவர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்க, அந்த அறையில் மட்டும் பக்கிரிசாமி ஸ்வெட்டருக்கு மேல் ஒரு ஸ்வெட்டரும், கழுத்தில் மப்ளரும், விரல் நுனி வெட்டிய கையுறையும் போட்டு உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் கண்டவர் மாதிரி இருக்கும். ஆனால் முகத்தில் அப்படியொரு களை.

சம்பளப் பட்டியல் போடுவதற்கு மட்டும்தான் அந்த இயந்திரம். மூன்று நாள் பயிற்சியும் அதற்குத்தான். மீதியைப் பக்கிரிசாமி கையேட்டின் பின்பக்கங்களிலிருந்து தாமாகவே படித்துக்கொண்டார் என்பதை மறுக்க முடியாது. எட்டு மாதத்தில் ஒரு வரைபடப் புரோகிராம் எழுதினார். புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் சொன்னால், எந்த வளைவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அந்த வழி அடைபட்டால் மாற்று வழி எது என்று இயந்திரம் யோசித்து, கரகரவென்று ஒரு சீட்டு அடித்துத் தரும். போன் வேண்டாம், கம்பி வேண்டாம், ஆள் கேட்க வேண்டாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். பெரிய காரியம் என்பதால்தான் இவ்வளவு தூரம் கேலி செய்ய வேண்டியிருக்கிறது.

சீட்டில் ஒரு சின்னச் சங்கடம். இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தந்தது. தமிழ் படிக்கிற டிரைவர்களுக்கு ஆங்கில எழுத்து ஓடாது. ஆங்கிலம் படித்த துரைக்கு அந்தத் தமிழ் பிடிபடாது. சீட்டை முழுதாகப் படிக்கக் கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கும் போகிறவர் இல்லை.

முதல் வெற்றி நவம்பர் மழையில் கிடைத்தது. ஒன்பதாவது வளைவில் மண் சரிந்திருந்தது. போன் வழக்கம்போல் மௌனம். டிரைவர் காளிமுத்து அன்று காலை வாங்கிப்போன சீட்டோடு மேட்டு டிவிசனிலிருந்து சுற்று வழியில் இறங்கி, நேரத்துக்கு ஃபேக்டரி வாசலில் வந்து நின்றார். துரை ஓடி வந்தார்.

இந்தத் துரையின் பெயர் விஜயன். கிள்ளானில் பிறந்து, விவசாயக் கல்லூரியில் படித்து, பேட்மிண்டனில் கோப்பைகள் வாங்கியவர். முப்பத்திரண்டு வயது. வெள்ளைக்காரன் போய்ப் பல வருடமாகியும் நாற்காலியில் துரை என்ற பெயர் ஒட்டியே கிடந்ததால், அதில் உட்கார்ந்தவருக்கும் ஒட்டிக்கொண்டது.

“காளிமுத்து, சீட்டு உதவிச்சா?”

“ரொம்ப ஒதவி தொரை. அது இல்லாட்டி வந்திருக்கவே முடியாதுலா.”

காளிமுத்து பொய் சொல்லவில்லை. முன் கண்ணாடியில் பனி மூடும்போதெல்லாம் அந்தச் சீட்டால்தான் துடைத்துக்கொண்டு வந்தார். வழி அவருக்கு இருபது வருடமாகவே தெரியும்.

விஜயன் துரை அன்றே தலைமை ஆபீசுக்கு எழுதினார். தலைமை ஆபீசிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து ஏர்கான் அறையைப் பார்த்து, குளிரில் நடுங்கி, பாராட்டிவிட்டுப் போனார். அவர் முன்னால்தான் பக்கிரிசாமி அந்த வார்த்தையைச் சொன்னார்: “சார், மனுசன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது.” ஜூன் மாதம் பெரிய கிராணி ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்று துரை தோளில் தட்டினார்.

அதற்கடுத்த வருடம் மார்ச்சில் தேயிலை விலை இறங்கியது. இரண்டு லோரியில் ஒன்றைக் குறை என்று மேலிடத்து உத்தரவு. துரை ஒரு விதி வைத்துக்கொண்டார்: எந்த ஷெட்டிலிருந்து ஃபேக்டரிக்கு அரைமணிக்குள் நடந்து வரலாமோ, அந்த ஷெட்டுக்கு லோரி வேண்டாம், கொழுந்தைச் சுமந்து வரட்டும். இந்த விதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பக்கிரிசாமியைக் கூப்பிட்டு, ஷெட்டு ஷெட்டாக நடை நேரம் எவ்வளவு என்று உங்கள் மெஷின் சொல்லுமா என்று மட்டும் கேட்டார்.

“சொல்லும் சார்.”

மெஷினுக்கு வளைவுகள் தெரியும், நேரம் தெரியாது. யாராவது நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கிரிசாமி நடப்பாரா? ஆபீஸ் ஜன்னலுக்கு மருந்துச் சீட்டு வாங்க வருகிறவர்களிடம் வழியும் நேரமும் கேட்டு எழுதுவதென்று முடிவு செய்தார்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. மேட்டு டிவிசனில் யாரும் நிமிடத்தில் தூரம் சொல்வதில்லை. வெற்றிலையில் சொல்வார்கள். அந்த லயம் ஒரு வெற்றிலை தூரம், இந்தக் காடு முக்கால் வெற்றிலை. புறப்படும்போது வாயில் போட்டு, தீரும்போது துப்புகிற கணக்கு. அவர்களுக்குள் அதில் தகராறே வந்ததில்லை.

பக்கிரிசாமி விஞ்ஞான முறையில் இறங்கினார். காளிமுத்துவிடம் புகையிலையோடு ஒரு வெற்றிலை வாங்கி, ஆபீஸ் பின்படியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி வாயில் போட்டார். வெற்றிலைப் பழக்கம் அவருக்கு இல்லை. கிராணிமார் போடுவதில்லை. ஐந்தாவது நிமிடத்தில் காது சுட்டது. எட்டாவதில் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. பத்தாவதில் ஓடிப்போய்த் துப்பினார். ஆகவே ஒரு வெற்றிலை என்பது பத்து நிமிடம் என்று புரோகிராமில் ஏற்றினார். தம் அனுபவத்தில் கண்டதை மட்டுமே எழுதுகிறோம் என்ற திருப்தி அவருக்கு இருந்தது.

ஆபீசில் நடை நேரம் கேட்கிறார்கள் என்ற செய்தி அதற்குள் மலையேறிவிட்டது. மேட்டு டிவிசனின் கங்காணி ராமையா, அறுபதை நெருங்கியவர், குழாயடியில் எல்லாரையும் கூட்டினார்.

“எதுக்குக் கேக்குறான்? தூரமான டிவிசனை மூடப் போறான். அதான்லா.”

“யாரு சொன்னா?” என்று அம்மாக்கண்ணு கேட்டார்.

“யாரும் சொல்லல. அதான் சந்தேகமா இருக்கு. பத்து வருசத்துக்கு முன்னாடி வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டு எழுதிட்டுப் போனானே, நெனப்பிருக்கா? நாலுன்னு சொன்னவனுக்கு வீடு பெருசுன்னு நடுவுல பலகை அடிச்சு வேற ஆளைக் கொண்டாந்து வெச்சான். எட்டுன்னு சொன்னவனுக்கு எடம் பத்தாதுன்னு பாதிப் பேரைக் கீழ அனுப்பிட்டான். கேள்வின்னு வந்தா நமக்கு நட்டந்தான். எந்த நட்டம் சின்னதுன்னு பாத்துச் சொல்லணும்.”

“இப்ப எதுலா சின்னது?”

“கிட்டத்துல இருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். ரெண்டு வெத்தலை. அதுக்கு மேல ஒரு பாக்குக்கூடச் சேர்க்கக் கூடாது.”

வரிசையாக வந்தார்கள். இருமல் என்று வந்தவன் இரண்டு வெற்றிலை என்றான். கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தவளும் இரண்டு என்றாள். கடைசியில் அம்மாக்கண்ணு வந்து ஜன்னலில் கை வைத்தார்.

“அத்தை, ஷெட்டுலேர்ந்து ஃபேக்டரிக்கு நடந்து வந்தா எவ்வளவு?”

“யாரு நடந்து வரா? லோரியிலதான வரோம்.”

“நடந்தா?”

“ரெண்டு வெத்தலை.”

“வேலாயிகிட்ட மூட்டுவலின்னு அழுதப்ப ரொம்பத் தூரம், மூணுக்கு மேலன்னு சொன்னீங்களாம்?”

“அது மக கிட்ட சொன்னது மாப்ள. இது ஆப்பீசுக்குச் சொல்றது.”

முப்பத்தொரு குடும்பம், முப்பத்தொரு பதில், எல்லாம் இரண்டு. கொஞ்சம் கணக்குத் தெரிந்தவனுக்கு இங்கே சந்தேகம் வந்திருக்கும். பக்கிரிசாமிக்குச் சந்தோஷம் வந்தது. இவ்வளவு சுத்தமான தகவல் தலைமை ஆபீசிலேயே கிடைக்காது என்று துரையிடம் சொன்னார். இயந்திரம் கரகரத்தது: மேட்டு டிவிசன், இருபது நிமிடம்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்த நேரத்தில், ராமையா வாயாலேயே உத்தரவு வாசிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மேட்டு டிவிசனுக்கு லோரி கிடையாது. கொழுந்தை அவரவர் கூடையில் ஃபேக்டரிக்குச் சுமந்து வர வேண்டும். நடை தூரம் இருபது நிமிடமே என்று கம்ப்யூட்டர் கண்டறிந்துள்ளது.

இருபது நிமிடம் பொய் என்று சொன்னால், அந்தப் பொய்யைச் சொன்னது தாங்கள் என்றாகும். ராமையா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கேயாவது வேறு ஏதும் எழுதியிருக்கிறதா என்று.

அன்று சாயங்காலமே அம்மாக்கண்ணு கடைசி லோரியில் இறங்கி மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மாப்ள, அந்தப் பொட்டிகிட்ட சொல்லுங்க, நாங்க சும்மா சொன்னோம்னு.”

“சும்மா சொன்னதையெல்லாம் அது கேக்காது அத்தை.”

“சும்மா சொன்னதைக் கேட்டுத்தான இப்படிப் பண்ணியிருக்கு?”

வேலாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒரு கூடை இருவது கிலோ,” என்றார் அம்மாக்கண்ணு. “ஒரு நாளைக்கு ரெண்டு நடை. அந்தப் பள்ளத்துல நெத்திக் கயிறு போட்டுக்கிட்டு எறங்கிப் பாருங்க, கழுத்து ஒடியும். எதுத்த வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். பிள்ளைங்க பள்ளிக்கூடம் வரதும் லோரி, சீக்கு வந்தா தானா ராத்தா ஆஸ்பத்திரி போறதும் லோரி. லோரி இல்லாட்டி நாங்க அங்க இருந்து என்ன பண்றது? மூடாமலே மூடின மாதிரிதான்.”

“முன்னாடியே உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஏன் கேக்குறாங்கன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கே தெரியாது அத்தை.”

“அப்ப நமக்குள்ள சரியாப் போச்சு. போயிச் சொல்லுங்க.”

பக்கிரிசாமி போய்ச் சொல்லவில்லை. மெஷின் தப்பு என்று சொன்னால் பெரிய கிராணி நாற்காலி போகும். மெஷின் சரி என்று இருந்தால் மாமியாரின் கழுத்துப் போகும். நடுநிலையாக யோசிப்பதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் வேலாயி சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. நான்காம் நாள் துரையின் கதவைத் தட்டினார்.

“சார், மெஷின் சொன்ன நேரத்தை ஒரு தடவை நடந்து செக் பண்ணிட்டா நல்லது.”

“ஏன்? மெஷின் தப்பா?”

“மெஷின் தப்பில்ல சார். ரோடு தப்பா இருக்கலாம்.”

விஜயன் துரைக்கு யோசனை பிடித்துவிட்டது. தாமே நடந்து காட்டிப் படம் எடுத்து அனுப்பினால் மேலிடத்தில் நன்றாக இருக்கும். அடுத்த வியாழக்கிழமை காலை வெள்ளைச் சப்பாத்து, கேமரா, கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் சகிதம் மேட்டு டிவிசன் ஷெட்டில் வந்து இறங்கினார். பக்கிரிசாமி சீட்டோடு நின்றார். ராமையா குடையோடு நின்றார். அம்மாக்கண்ணு, அன்று பறித்த கொழுந்தை அமுக்கி அடைத்த இருபது கிலோ கூடையை முதுகில் ஏற்றி, கயிற்றை நெற்றியில் மாட்டி, மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டார். துரை பொத்தானை அமுக்கினார். அதே நிமிடம் காளிமுத்துவும் மீதிக் கொழுந்தோடு லோரியைக் கிளப்பினார்.

“சீட்டைப் படிங்க பக்கிரிசாமி.”

“பாறையில் இடது.”

துரை சுற்றிப் பார்த்தார். “மூணு பாறை இருக்கே. எந்தப் பாறை?”

“எல்லாரும் சொன்ன பாறை சார்.”

அம்மாக்கண்ணு திரும்பியே பார்க்காமல் மூன்றுக்கும் நடுவில் புகுந்து இறங்கினார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். அதற்குப் பிறகு சீட்டை யாரும் படிக்கச் சொல்லவில்லை.

இருபதாவது நிமிடத்தில் அவர்கள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட ஷெட்டின் தகரக்கூரை பளிச்சென்று தெரிந்தது. ராமையா குடையை விரித்து அதை மறைக்கப் பார்த்தார். நாற்பதாவது நிமிடத்தில் துரை கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார், கணுக்காலில் அட்டை ஏறியிருந்ததால். ஓடையின் குறுக்கே ஒரு மரக்கட்டைதான் பாலம். அம்மாக்கண்ணு கூடையோடு கடந்தார். கோப்பைகள் வாங்கிய துரை தவழ்ந்து கடந்தார். பக்கிரிசாமி கடக்கவில்லை, தண்ணீரில் இறங்கிவிட்டார். பதினான்கு வருடச் சப்பாத்தில் ஒன்று ஓடையோடு போயிற்று. துரை முன்னிலையில் அதைத் துரத்துவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

“இன்னும் எவ்வளவும்மா?” என்றார் துரை மூச்சு வாங்க.

“கிட்டத்தான் தொரை.”

கால்மணி கழித்து மறுபடி கேட்டார்.

“இதோ, கிட்டத்தான்.”

மூன்றாவது தடவை கேட்டபோது ராமையா அவசரமாகப் புகுந்து, “ரொம்பக் கிட்டம் தொரை,” என்றார். பழக்கம். எந்தப் பொய்யால் லோரி போயிற்றோ அதே பொய்யை, லோரியை மீட்க வந்த வழியிலும் அவர்களால் நிறுத்த முடியவில்லை.

ஃபேக்டரி வாசலை அடைந்தபோது ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. காளிமுத்து நாற்பத்திரண்டு நிமிடத்தில் வந்து, கொழுந்தை இறக்கி, டீ குடித்து, முன் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

துரை படியில் உட்கார்ந்தார். அட்டைகளைப் பிடுங்கியபடி அம்மாக்கண்ணுவைப் பார்த்தார்.

“ரெண்டு வெத்தலைன்னு சொன்னீங்களேம்மா!”

அம்மாக்கண்ணு வழியெல்லாம் மெல்லாமல் கன்னத்தில் அடக்கியிருந்ததை நாக்கால் முன்னே தள்ளிக் காட்டினார். “ரெண்டு எங்க தொரை? ஒண்ணே இன்னும் முடியலயே. வெரசாத்தான் வந்திருக்கோம்.”

துரை மெதுவாகப் பக்கிரிசாமி பக்கம் திரும்பினார். பக்கிரிசாமி தம் ஒற்றைச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்படியில் தாம் துப்பிய அந்தப் பத்தாவது நிமிடம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூடையை இறக்கியபோது அம்மாக்கண்ணுவின் நெற்றியில் கயிறு பதிந்த இடம் விரல் ஆழத்துக்குக் குழிந்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். துரை அதைப் பார்த்துவிட்டு, அடுத்த அட்டையைப் பிடுங்கினார். பிறகு ஃபேக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கும் டீ மேக்கர் வந்து கூடைக்குள் கையை விட்டு, ஒரு பிடி கொழுந்தை எடுத்தார். அமுக்கி அடைத்து இரண்டு மணி நேரம் முதுகுச் சூட்டில் குலுங்கியதில் அது கசங்கிச் சிவந்திருந்தது.

“வெந்துபோச்சு சார். இதை எடுக்க முடியாது.”

துரை துள்ளி எழுந்தார். “மொத்தக் கூடையுமா?”

“எல்லாக் கூடையும் இப்படி வந்தா எல்லாக் கூடையும்தான்.”

கழுத்துக்கு அசையாத மனம் கொழுந்துக்கு அசைந்தது. லோரி வேண்டும் என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரின் உதவியால் மேட்டு டிவிசன் லோரி தேவையற்றதாகிவிட்டது என்று போன வாரமே எழுதிவிட்டார். மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்துவிட்டது. பாராட்டைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

“என்ன பண்ணலாம் பக்கிரிசாமி?”

பக்கிரிசாமி அங்கேதான் கிராணி என்றால் யார் என்று காட்டினார். இரண்டு ஸ்வெட்டர்களுக்குள் உட்கார்ந்து, வாழ்நாளில் தாம் எழுதியதிலேயே சிறந்த கடிதத்தை எழுதினார். வரைபடப் புரோகிராம் தனது முதல் கட்டத்தில் வெற்றி பெற்றுவிட்டது. இரண்டாம் கட்டத்துக்கு, மலைப்பாதையில் ஒரு லோரியின் ஓட்ட நேரத்தை நாள்தோறும் பதிய வேண்டியுள்ளது. ஆகவே தேவையற்றதென்று கண்டறியப்பட்ட மேட்டு டிவிசன் லோரியை, ஆராய்ச்சிக்காக மட்டும், தற்காலிகமாக ஓட்ட அனுமதி வேண்டும்.

ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. ஆட்களுக்காகக் கேட்டிருந்தால் வந்திருக்காது. பதிவு செய்ய வேண்டியவர், புரோகிராமை எழுதிய கிராணியே என்றும் அதில் இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி லோரி வழக்கம்போல் மேட்டு டிவிசன் ஷெட்டில் நின்றது. பக்கிரிசாமி பலகையும் பென்சிலுமாக முன் சீட்டில் ஏறப் போனார். காளிமுத்து கையை நீட்டித் தடுத்தார்.

“மாசமா இருக்கிற பொண்ணுக்கு அந்த சீட்டு, ஐயா. பின்னால ஏறுங்க.”

கொழுந்துச் சாக்குகளின் மேல், மாமியாருக்கும் ராமையாவுக்கும் நடுவில், தொப்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஃபேக்டரி வாசலில் லோரி நின்றதும் கடிகாரத்தைப் பார்த்தார். ராமையா பலகையை எட்டிப் பார்த்தார்.

“எத்தனைன்னு போடுறீங்க கிராணி?”

“நாப்பத்திரண்டு.”

“கம்மியா இருக்கே. அம்பத்தஞ்சு போடுங்க. ரோடு மோசம்னு தார் ஊத்துவான்.”

“அம்பத்தஞ்சு போட்டா தூரம்னு டிவிசனை மூடிருவான்,” என்றார் அம்மாக்கண்ணு. “நாப்பதே போடுங்க மாப்ள.”

“நாப்பதுன்னா கிட்டத்துலதான இருக்குன்னு மறுபடி லோரியைப் புடுங்குவான்லா! அடிபட்டும் புத்தி வரலியா?”

“ஒமக்கு வந்துருச்சாக்கும். ரெண்டு வெத்தலைன்னு சொல்லச் சொன்னது யாரு?”

“உள்ளதைப் போட்டா என்ன?” என்று பக்கிரிசாமி ஈனக்குரலில் கேட்டார். இரண்டு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். காளிமுத்து ஹாரனை அடித்தார். கொழுந்து வெந்துவிடும், சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்று டீ மேக்கரும் வாசலிலிருந்து கத்தினார். ஐம்பது என்று ராமையா இறங்கி வந்தார். நாற்பத்தாறு என்று அம்மாக்கண்ணு ஏறி வந்தார். முன் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஏழு மாதக்காரிதான், நாற்பத்தெட்டு என்று தீர்ப்புச் சொன்னாள்.

பக்கிரிசாமி நாற்பத்தெட்டு என்று எழுதினார். அடுத்த நாள் சண்டை வேண்டாமென்று அதையே எழுதினார். 1989இல் வேறு கம்ப்யூட்டர் வந்து அந்தப் புரோகிராம் நின்றுபோகும் வரை, மழையானாலும் மண் சரிந்தாலும், அந்த ரோடு நாற்பத்தெட்டு நிமிடம்தான். ஆராய்ச்சி நின்றது. லோரியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.